தலை காயாமல் சைக்கிள் ஏறியவள்

அமுதாவுக்கு நீந்தத் தெரியும், சைக்கிள் மிதிக்கத் தெரியும், ஓடவும் தெரியும். இந்த மூன்றையும் மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதற்கென்று ஒரு போட்டி இருக்கிறது என்பது மட்டும் முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. மூன்றுக்கும் நடுவில் நான்காவதாக ஒரு வேலை இருக்கிறது என்பது அந்தப் போட்டியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தண்ணீரை விட்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறுகிற வேலை. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும் அந்த வேலையில்தான் அவள் மானம் போனது.

நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களுக்குத் தபால் கொடுப்பவள் அமுதா. வெயிலோ மழையோ, தினமும் இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் மிதிப்பாள். நீச்சல், சிறுவயதில் அண்ணன்மார் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டதில் வந்தது. ஓட்டம் நாய்கள் சொல்லிக்கொடுத்தது. தபால்காரியைத் துரத்தாத நாய் அந்த ஆறு ஊரிலும் கிடையாது.

போட்டி நடக்கிற செய்தியும் தபாலில்தான் வந்தது. கள்ளக்குறிச்சியில் டாக்டர், வக்கீல், கடைக்காரர் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய நோட்டீஸை, கொடுக்கப் போன அமுதாவே தலைமையாசிரியர் மேசையருகே நின்றபடி படித்தாள். கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணையில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், பிறகு இருபது கிலோமீட்டர் சைக்கிள், பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கும் பெண்களுக்கு மாவட்ட அணியில் இடம். சென்னைக்குப் போகலாம். கள்ளக்குறிச்சி என்று முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும் அச்சடித்த பனியன் கொடுப்பார்கள். பதினோரு வருஷமாக ஊரார் பெயர் எழுதிய உறைகளையே சுமந்தவளுக்கு, தன் பெயர் எழுதிய ஒன்றைச் சுமக்க ஆசை வந்தது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை.

முதல் வருஷம் போனாள். நீச்சலில் பெண்களில் மூன்றாவதாக வந்தாள். தண்ணீரை விட்டு எழுந்ததும் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றினாள். கிணற்றிலிருந்து ஏறுகிற பெண் அதைத்தானே செய்வாள்? குனிந்து கால்சட்டை ஓரங்களைப் பிழிந்தாள். இன்னொரு துண்டால் தலையைத் துவட்டினாள். கொண்டையை அவிழ்த்து, பக்கவாட்டில் சாய்ந்து, துண்டால் தட்டித் தட்டி ஈரம் போக்கினாள். மறுபடி கொண்டை போட்டாள். சாக்ஸ் ஈரக் காலில் ஏற மாட்டேன் என்றது. அதோடு மல்லுக்கட்டினாள். அதற்குள் ஒரு கல்லூரிப் பெண் உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து, ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டாள். பாவம், சளி பிடிக்கப் போகிறது என்று அமுதா அப்போது பரிதாபப்பட்டாள்.

இரண்டு மணி இரண்டு நிமிஷம் முப்பது விநாடி. நேரம் குறிக்கும் தனசேகரன், கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், தாளைக் காட்டினார்.

"நீச்சல் சூப்பரும்மா. சைக்கிள் பரவால்ல. நடுவுல பாருங்க, ஆறு நிமிஷம் இருபது செகண்டு. உள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க, டிபன் சாப்டீங்களா?"

"தலை தொடச்சேன் சார்."

"இது குளியல் இல்லம்மா, போட்டி" என்றார் அவர்.

அந்த வாக்கியம் ஒரு வருஷம் அவள் காதிலேயே குடியிருந்தது. ஆறு நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அந்தக் கணக்குக்கு நடுவில் அவள் மாமியார் அமலோற்பவம் ஒரு துண்டோடு நின்றாள்.

உலகத்திலுள்ள எல்லா நோயும் ஈரத் தலையிலிருந்துதான் புறப்படுகிறது என்பது அமலோற்பவத்தின் முடிவு. சளி, இருமல், காது வலி மட்டுமில்லை. பக்கத்துத் தெருக்காரர் மாடியிலிருந்து விழுந்து கால் ஒடிந்ததற்கும் காரணம் அவர் காலையில் தலை துவட்டாமல் போனதுதான். அமுதா வேலை முடிந்து மழையில் நனைந்து வந்தால் வாசலிலேயே பிடித்து நிறுத்தித் துவட்டுவாள். வீட்டுக் கிணற்றில் நீந்திப் பழகலாம் என்று இறங்கினால், ஏறும் படியில் துண்டோடு காத்திருப்பாள்.

"அத்த, நான் வெளிய வந்த உடனே ஓடணும். நேரம் பாக்கறேன்."

"ஓடு, யார் வேணான்னா? தலையத் தொடச்சிக்கினு ஓடு."

"அதுக்குத்தான் நேரம் ஜாஸ்தி ஆவுது."

"ஜன்னி கண்டா ஆஸ்பத்திரியில எவ்ளோ நேரம் ஆவும் தெரியுமா?"

சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். வேறு மாமியார் என்றால் அமுதா ஒரே ஒரு முறை குரலை உயர்த்திக் காரியத்தை முடித்திருப்பாள். ஊரில் அவளுக்குக் கோபக்காரி என்று பெயர் சும்மா வரவில்லை. ஆனால் அமலோற்பவத்தின் மூத்த பெண், நான்கு வயதில், மழையில் ஆடிவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவில்லை. அமுதாவின் கணவன் டென்னிஸ் அப்போது பிறக்கவேயில்லை. அந்தக் கதையை அமலோற்பவம் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை சொன்னாள், பிறகு சொன்னதில்லை. அதனால் அமுதாவால் முழுக் கோபமும் பட முடியாது. பாதிக் கோபத்தை வெளியே விட்டு மீதிப் பாதியை விழுங்க வேண்டும். முழுக் கோபத்தைவிட அதுதான் மனுஷியை அரித்துத் தின்னும்.

கடைசியில் வீட்டுக் கிணற்றையே விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு (ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் தபால் கொடுக்கிறார்கள் என்று நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை), இரண்டு மைல் தள்ளி நாராயணசாமியின் கரும்புத் தோட்டத்துக்குப் போவாள். அவர் மனைவி ஆண்டாள்தான் கைபேசியில் நேரம் பார்ப்பாள். பெரிய கிணறு, படிக்கட்டு உண்டு. இருபது சுற்று நீந்தி, படியேறி, மோட்டார் கொட்டகை ஓரம் நிற்கும் சைக்கிளை எடுத்துக் களத்து மேட்டைத் தாண்டினால் ஒரு முறை, படியேறியதிலிருந்துதான் நேரக் கணக்கு.

"நாலு நிமிஷம் பத்து" என்பாள் ஆண்டாள், கைபேசியைத் தூரப் பிடித்துப் பார்த்து. "இன்னா அமுதா, துணியப் புழிஞ்சிக்கினு நிக்கற? ஒணக்கவா போற?"

கை தானாகப் பிழிந்திருக்கும். அமுதாவுக்குத் தன் கையின் மேலேயே எரிச்சல் வந்தது. முப்பது வருஷப் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. ஒவ்வொன்றாக வெட்டினாள். முதலில் இடுப்புத் துண்டு போனது. பிழிவது போனது. சாக்ஸ் போனது, ஷூவுக்குள் முகப்பவுடரைக் கொட்டி வெறுங்காலை நுழைத்தாள். தலைமுடியைத் தோளோடு வெட்டிக்கொண்டாள், அதற்கு வீட்டில் நடந்த ரகளை தனிக்கதை. ஹெல்மெட்டைக் கைப்பிடியின் மேல் கவிழ்த்து வைத்து, வாரை விரித்து வைத்தாள். கடைசியாகத் தலை துவட்டுவது போனது. அது போக நான்கு மாதம் ஆனது. சிலுவை போடுவதை மட்டும் விடவில்லை, ஓடிக்கொண்டே போட்டாள்.

போட்டிக்கு முந்தின வாரம் ஆண்டாள் கைபேசியை இரண்டு முறை பார்த்தாள். "ஒரு நிமிஷம் எட்டு. போடீ, நீ சென்னைக்குப் போற."

போட்டிக்கு வேண்டாத ஒரு கூட்டம் வீட்டிலிருந்து கிளம்பியது. கணவன் டென்னிஸுக்குச் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை. ஞாயிறு காலையில் தூங்குகிறவன், அதனால் அவள் பழகியதை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் போன வருஷப் போட்டியைத்தான். நல்ல மனுஷன். உதவி செய்கிறேன் என்று கிளம்பினால் மட்டும் பயந்து ஒதுங்க வேண்டும். அவனுக்கு அமுதா பதினைந்து முறை பாடம் நடத்தியிருந்தாள்.

"கயித்துக்கு வெளிய இருந்து எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணி பாட்டில்கூடக் கூடாது. குடுத்தா என்னைத் தூக்கிடுவாங்க. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது, புரிஞ்சிது. நான் இன்னா கொழந்தையா?"

சின்ன லோடு வண்டி ஒன்றைப் பேசி, சைக்கிளைப் பின்னால் கட்டி, விடியும்போது அணைக்கு வந்து சேர்ந்தார்கள். மலை உச்சியில் மேகம் இறங்கி நின்றது. சைக்கிள் நிறுத்தும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள், ஆறரை மணி வரை வீட்டாரும் உள்ளே வரலாம். அமுதா தன் இடத்தில் சைக்கிளை நிறுத்தினாள், ஷூ, பவுடர், ஹெல்மெட் எல்லாம் அதனதன் இடத்தில் வைத்தாள். அமலோற்பவம் பையிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து சைக்கிள் பாரின் மேல் மடித்துப் போட்டாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

போட்டி நாளில் எதற்கு வம்பு என்று அமுதா சரி என்றாள். துண்டு தொங்குவதால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? தொடாமல் போய்விட்டால் ஆயிற்று. கையில் போட்டி எண் எழுதிக்கொள்ளத் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள்.

ஒலிபெருக்கியில் தனசேகரன் குரல் கேட்டது. வெளியாட்கள் எல்லாரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். வெளியிலிருந்து போட்டியாளருக்குப் பொருள் கொடுத்தாலோ, யோசனை சொன்னாலோ அந்தப் போட்டியாளர் வெளியேற்றப்படுவார். இதை மூன்று முறை சொன்னார்.

ஏழு மணிக்கு விசில் ஊதியது. அமுதா அன்றைக்கு நீந்தியதுபோல என்றைக்கும் நீந்தியதில்லை. பதினேழு நிமிஷம் நாற்பது விநாடி. பெண்களில் இரண்டாவதாகக் கரையேறினாள். நீச்சல் தொப்பியை ஓடிக்கொண்டே உருவினாள், சிலுவை போட்டாள், ஈரக் காலை ஷூவுக்குள் சொருகினாள், ஹெல்மெட் வாரைப் பூட்டினாள். கை எதையும் பிழியவில்லை. பச்சைத் துண்டை வழித்துத் தரையில் தள்ளினாள். சைக்கிளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

சைக்கிள் நகரவில்லை.

குனிந்து பார்த்தாள். பின் சக்கரத்து வளையப் பூட்டு, தபால் பையோடு சைக்கிளை விட்டுவிட்டு வீட்டு வாசல்களுக்கு நடக்க வேண்டியிருப்பதால் அவளே மாட்டிய பூட்டு, கம்பிகளுக்கு நடுவே குறுக்கே பூட்டிக் கிடந்தது. திறந்திருக்கும்போது அதிலேயே தொங்கும் சாவி அங்கே இல்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். அது உடைகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டாள். யார் பூட்டியிருப்பார்கள் என்று ஒரு விநாடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தியாகதுருகம் சந்தையில் பத்து வருஷத்துக்கு முன்பு டென்னிஸின் சைக்கிள் திருட்டுப் போனது. அன்றிலிருந்து பூட்டாத சைக்கிளைக் கண்டால் அவனுக்குக் கை அரிக்கும், அது எவனுடைய சைக்கிளாக இருந்தாலும்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். "சாவி எங்க?" என்று இங்கிருந்து கத்தினாள்.

அவன் இரண்டு கையையும் தூக்கித் தன் வழுக்கைத் தலையைப் பரபரவென்று தேய்த்துக் காட்டினான். பிறகு, "துண்டு, துண்டு" என்றான். பக்கத்திலேயே அமலோற்பவம், "தலையத் தொடை அமுதா, தண்ணி சொட்டுது பாரு" என்றாள்.

அமுதாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூட்டிய சைக்கிளோடு ஒருத்தி நிற்கிறாள். ஒரு வருஷ உழைப்பு விநாடி விநாடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துகொண்டு தலை துவட்டச் சொல்கிறார்கள். ஆத்திரத்தில் பூட்டைப் பிடித்து இழுத்தாள். ஷூவால் உதைத்தாள். நான்கு பெண்கள் வந்து தங்கள் சைக்கிள்களை எடுத்துப் போனார்கள். பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே ஓடிவிடலாமா என்றுகூடப் பைத்தியக்காரத்தனமாக ஒரு யோசனை வந்தது. தனசேகரன் பக்கத்தில் வந்து கையில் தாளோடு நின்றார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"துண்ட எடு அமுதா" என்று டென்னிஸ் அழாக்குறையாகக் கெஞ்சினான்.

எடுத்தாள். அவன் முகத்தில் விட்டெறியத்தான் எடுத்தாள். சுருட்டிப் பிடித்த கைக்குள் சுருக்கென்று ஏதோ குத்தியது. விரித்தால், துண்டின் ஓரத்தில் ஊக்கு, ஊக்கில் சாவி.

அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? கயிற்றுக்கு வெளியிலிருந்து கொடுக்கக் கூடாது, அதனால் உள்ளேயே வைத்துவிட வேண்டும். உள்ளே எங்கே வைத்தால் அவள் கையில் உடனே கிடைக்கும்? தண்ணீரிலிருந்து வந்தவள் முதலில் எதைத் தொடுவாள்? துண்டைத்தான். பிறந்ததிலிருந்து அவன் பார்த்த அத்தனை மனிதர்களும் அப்படித்தான் செய்தார்கள், போன வருஷம் இவளும் அப்படித்தான் செய்தாள். யோசனை சொன்னால் வெளியேற்றுவார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதால் சாவி என்ற சொல்லை வாய் திறந்து சொல்லவில்லை. ஊரே சொல்லக்கூடிய ஒரு சொல்லை மட்டும் சொன்னான். விதியை எழுத்துக்கு எழுத்து மதித்த கணவன்.

நான்கு நிமிஷம் பத்து விநாடி போயிருந்தது.

அன்றைக்கு சைக்கிளை மிதித்தது காலில்லை, கோபம். இருபது கிலோமீட்டரும் அவள் மனதுக்குள் டென்னிஸைத் திட்டினாள், அவன் அம்மாவைத் திட்டினாள், தியாகதுருகத்துத் திருடனைத் திட்டினாள். மலைப் பக்கத்து மேட்டில் இரண்டு பெண்களைத் தாண்டினாள். ஓட்டத்தில் கடைசி ஒரு கிலோமீட்டர் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. கோட்டைத் தொட்டபோது தனசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணி, இருவத்திரெண்டு செகண்டு" என்றார் மெதுவாக. பிறகு, "நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். பனியன் அடுக்கியிருந்த பெட்டியை அமுதா பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

டென்னிஸ் வந்து தலைகுனிந்து நின்றான். அமலோற்பவம் பச்சைத் துண்டை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வந்த உடனே தலையத் தொடச்சிருந்தா சாவி கெடச்சிருக்கும் இல்ல" என்றாள்.

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. அதைவிடத் தாங்க முடியாதது, அது உண்மையாக இருந்தது. ஒரு வருஷமாக விழுங்கி வைத்த பாதிக் கோபம் எல்லாம் அமுதாவின் தொண்டைக்கு வந்தது.

"ஒரு வருஷம் அத்த. தொடைக்காம இருக்கறதுக்கு ஒரு வருஷம் பழகினேன். ஒளிஞ்சி ஒளிஞ்சி ஆண்டாளக்கா கெணத்துல பழகினேன். இருவத்திரெண்டு செகண்டுல போச்சி. உங்க தலையும் வேணாம், துண்டும் வேணாம், ரெண்டு பேரும் என்னைக் கொஞ்ச நாளு சும்மா வுடுங்க."

சொல்லிவிட்டு அதே துண்டைப் பிடுங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தலை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

அன்று மாலை டென்னிஸ் யாரிடமும் சொல்லாமல் ஆக்ஸா பிளேடால் அந்தப் பூட்டை அறுத்துப் போட்டான். திங்கட்கிழமை காலை தபால் பையோடு கிளம்பியவள், பூட்டில்லாத சைக்கிளைப் பார்த்து, அரசாங்கத் தபாலை நடுத்தெருவில் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று தலையில் அடித்துக்கொண்டாள். உதவி. ஒன்பது மணிக்கு முதலில் போய் வேறு பூட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் வீட்டில் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எந்தப் பொய்யும் சொல்லாமல் நாராயணசாமி தோட்டத்துக்குப் போனாள். அங்கே மோட்டார் கொட்டகை நிழலில் ஆண்டாள் பக்கத்தில் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து முன்னாடியே வந்துவிட்டிருக்கிறாள். மடியில் பச்சைத் துண்டு.

அமுதாவுக்கு ஏறிய எரிச்சலில் நீந்தாமலே திரும்பிவிடலாமா என்று இருந்தது. வந்ததுக்கு இறங்குவோம் என்று இறங்கினாள். இருபது சுற்று முடித்துப் படியேறும்போது, மேல்படியில் மாமியார் எழுந்து நிற்பது தெரிந்தது. துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள். அமுதா பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

அவள் கிட்டே வந்ததும் அமலோற்பவம் ஓரமாக விலகி வழி விட்டாள். துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடு" என்றாள். "போயிட்டு வந்து தொடச்சிக்கலாம்."

அமுதா தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுவிட்டாள்.

"நிக்காத, நேரம் போய்க்கினு இருக்குது" என்று கத்தினாள் ஆண்டாள்.

அன்றைக்கு ஒரு நிமிஷம் நாற்பது ஆனது. களத்து மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்ததும், அமுதா சைக்கிளைச் சாய்த்துவிட்டு மாமியார் முன்னால் போய்த் தலையைக் குனிந்தாள்.